ஆறு கிழமையில் இளமையான மாலினி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, மார்கழி மழை பெய்வதா விடுவதா என்று தீர்மானிக்காமல் தூறிக்கொண்டிருந்த வேளையில், முகக் கிறீம் விற்கும் தொழிலில் கிறீமைக் காட்டிலும் முகத்துக்கே பொறுப்பு அதிகம் என்பதை நான் அறிந்துகொண்டேன்.

மானிப்பாயில், சீமெந்தும் பெயின்ற்றும் விற்கும் கடையொன்றின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. நாங்கள் மூவர். உரிமையாளர் நிஷாந்தனுக்கு முப்பத்திரண்டு வயது, மரியாதையாகப் பழகுபவர், கணினியில் விளம்பரம் செய்வது அவர் வேலை. பொதி கட்டுவது பரீனா. இணையத்தில் தொலைபேசி இலக்கத்தைப் பதிந்தவர்களோடு பேசி, அவர்கள் வாயிலிருந்து சம்மதமாக ஓர் "ஓம்" பெறுவது என் வேலை. அந்த ஓம் இலவச மாதிரிப் போத்தல் ஒன்றுக்கு என்று அவர்கள் நினைப்பார்கள். மாதந்தோறும் ஒரு போத்தலுக்கு என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். நான் இரசாயனத்தில் பட்டம் பெற்றவள். பதினெட்டு வருடம் தனியார் கல்வி நிலையம் ஒன்றில் கற்பித்து, அது மூடப்பட்ட பின் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் விளம்பரம் உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கும். இடப்பக்கம் சுருக்கம் விழுந்த ஒரு முகம். வலப்பக்கம் அதே முகம், முப்பது வயது குறைந்து. கீழே, "மாலினி, ஆறே கிழமையில்", அதாவது நாற்பத்திரண்டே நாளில். உங்களில் எத்தனை பேர் நம்பினீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நம்பச் சொன்ன குரல் என்னுடையது. வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வந்து இறங்குவதற்குள், நான்கு நாட்களில், அந்த முகத்தை விளம்பரத்திலிருந்து எடுப்பித்த கதைதான் இது. அதற்குமுன் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

மூன்று போத்தல்

எங்கள் பக்கத்தில் "இன்னும் மூன்று போத்தல்களே எஞ்சியுள்ளன" என்ற வரியும், அதன் பக்கத்தில் பதினைந்து நிமிடத்திலிருந்து பின்னோக்கி ஓடும் ஒரு மணிக்கூடும் இருந்தன. பூச்சியத்தை அடைந்ததும் மணிக்கூடு மறுபடி பதினைந்திலிருந்து தொடங்கும். நான் அங்கிருந்த எட்டு மாதமும் எஞ்சியிருந்தவை மூன்று போத்தல்களே. பரீனாவின் மேசைக்குப் பின்னால் கூரைமுட்ட அடுக்கியிருந்த பெட்டிகள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

பண்டத்தரிப்பிலிருந்து ஒரு முதிய பெண் அழைத்தார். அவசரப்படாதவர். காலையில் தேநீரோடு அமர்ந்து, அந்த மணிக்கூடு நான்கு முறை முடிந்து தொடங்குவதைப் பார்த்துவிட்டே தொலைபேசியை எடுத்திருக்கிறார். அவர் கேட்டது ஒரே ஒரு சந்தேகம்.

"பிள்ளை, உங்கடை மணிக்கூட்டுக்கும் வயது ஏறுதில்லை. அதுக்கும் உந்தக் கிறீம்தான் பூசுறியளோ?"

மூன்று பெயர்

கிறீம் கொழும்பிலிருந்து பெயர் ஒட்டாத வெள்ளை வாளிகளில் வந்தது. அதற்குப் பெயர் வைப்பது நாங்கள். முறைப்பாடுகள் பெருகினால் நிஷாந்தன் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, வேறு பெயரோடும் வேறு நிற மூடியோடும் புதிய பக்கம் திறப்பார். முதற்பெயர் ஐரோப்பிய ஆய்வுகூடம் ஒன்றைப் போல ஒலித்தது. இரண்டாவதில் பூ வாசம் சேர்ந்தது. மூன்றாவது சித்த வைத்திய இரகசியம். உள்ளே இருந்தது தண்ணீர், கிளிசரின், மெழுகு. தோல் வறளாமல் பார்க்கும், அவ்வளவுதான். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்றும் எழுதியிருந்தோம், போத்தல் திறக்கப்படாமல் இருந்தால். திறவாதவர்களுக்கு முறைப்பாடு எதுவும் இருப்பதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மூன்றும் ஒன்றே என்று அறியாமல் மூன்றையும் வாங்கிப் பூசியிருந்தார். நான்காவதாக ஏதும் வருகிறதா என்று கேட்க அழைத்தவர், பரீட்சைத் தாள் திருத்துபவரின் நிதானத்தோடு தம் முடிவைத் தெரிவித்தார்.

"முதலாவது ஒண்டும் செய்யேல்லை. மூண்டாவதும் ஒண்டும் செய்யேல்லை. நடுவிலை வந்தது ஒண்டும் செய்யாட்டிலும் நல்ல வாசம், தங்கச்சி."

மாலினியின் குரல்

வாடிக்கையாளர்கள் மாலினியோடு பேச விரும்பினார்கள். அவர் எதைச் சாப்பிடுகிறார், வெயிலில் போகிறாரா, கணவர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார்கள். நிஷாந்தன் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார்: அவர்களுக்குச் சந்தோசம்தானே, மாலினி கதைக்கிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன. நான் ஒரு கிழமை மறுத்தேன். அடுத்த கிழமை மாலினியானேன்.

இதை விளக்குவது எளிதன்று. திரையில் அந்த முகத்தைப் பார்த்தபடி பேசுவேன். மழைக்கால வெளிச்சம் கண்ணாடி யன்னலில் பால்போலத் தங்கியிருக்கும். கேள்வி வரும்போது, விடை எங்கிருந்தோ முன்கூட்டியே வந்து நிற்கும். மாலினிக்கு ஒரு கிணறு இருந்தது. கிணற்றோரம் எலுமிச்சை மணக்கும் ஒரு தேசிமரம். தேநீரில் சீனி குறைவு. மாலையில் சைக்கிளில் வீடு திரும்பும் கணவர். அவற்றை நான் யோசித்து உண்டாக்கவில்லை. தொலைபேசியை வைத்த பிறகும் ஈர மண் மணக்கும் அந்த முற்றத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டே என் கதிரைக்குத் திரும்புவேன். பரீனா பொதி கட்டுவதை நிறுத்திவிட்டு ஒருநாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்கடை பேரிலை கதைக்கேக்கை நீங்கள் உப்பிடிச் சிரிக்கிறேல்லை."

கோப்பாயிலிருந்து ஓர் அழைப்பு

செவ்வாய்க்கிழமை ஒன்பது பத்துக்கு வந்த அழைப்பு கோப்பாயிலிருந்து. மாலினியோடு கதைக்க வேண்டும் என்றார் ஒரு பெண். நான்தான் மாலினி என்றேன். மறுமுனைத் தகரக் கூரையில் மழை விழும் ஓசை மட்டும் தொலைபேசி வழியாக வந்தது. எங்கள் யன்னலிலும் அதே மழை. பிறகு அவர், காலமை சாப்பிட்டீர்களா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். கால்வலி எப்படி என்றார். இப்போது சுகம் என்றேன். அவர் குரலில் இருந்த வாஞ்சைக்கு வேறு எந்த விடையும் பொருந்தியிருக்காது.

அதன்பின் தம்மை அறிமுகப்படுத்தினார். பெயர் செல்வராணி. படத்தில் இருப்பவர் அவருடைய மூத்த சகோதரி புஷ்பராணி. புஷ்பராணியின் ஒரே மகள் கனடாவிலிருந்து சனிக்கிழமை காலை வந்து சேருகிறாள். இந்த மண்ணில் கால் வைத்ததும் அவளுடைய கைபேசிக்கும் எங்கள் விளம்பரம் வரும். தாயின் முகத்தை அப்படிப் பார்த்தால் பிள்ளை தாங்கமாட்டாள். அதற்குள் எடுத்துவிட வேண்டும். இவ்வளவையும் குரல் உயர்த்தாமல் சொன்னார். அவ்வளவு வருத்தம் என்றால் என்னிடம் ஏன் கால்வலியைக் கேட்டீர்கள் என்று நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

"நீங்கள்தானே அக்கா எண்டு சொன்னனீங்கள். அவவுக்கு நாங்கள் செத்தவீடு செய்து ரெண்டு வரியம். இடையிலை ஒருக்கா விசாரிக்க ஆசையாய் இருந்தது."

படங்களின் வயது

நிஷாந்தன் அந்த முகத்தைத் திருடவேண்டுமென்று திருடவில்லை. வயதான தமிழ்ப் பெண், அதே பெண் இளமையில், என்று இணையத்தில் தேடியிருக்கிறார். படங்கள் வந்தன, படங்களுக்குக் கீழே இருந்த எழுத்தை அவர் திறந்து வாசிக்கவில்லை. ஒன்று மரண அறிவித்தல். மற்றது ஆண்டு நினைவு.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மரண அறிவித்தலுக்குக் கடைசிக் காலத்துப் படத்தைக் கொடுப்போம். கையில் கிடைப்பது அதுதான். முப்பத்தோராம் நாள் நினைவு மலர் அச்சாகுமுன் யாரோ பழைய அல்பத்தைத் தேடி எடுத்துவிடுவார்கள். பத்து வயது குறையும். முதலாண்டு நினைவில் அதற்கும் முந்திய படம். இரண்டாம் ஆண்டில் தலை நிறையக் கருங்கூந்தல். இறந்தவர்கள் எங்களிடையே வருடத்துக்கு வருடம் இளமையாகிறார்கள். நிஷாந்தன் அந்த வரிசையின் இரு முனைகளையும் எடுத்து, நடுவில் எங்கள் போத்தலை வைத்திருந்தார்.

விடயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளிறியது. ஆனால் எடுக்கமாட்டேன் என்றார். இதற்குமுன் போட்ட நான்கு முகங்களும் ஓடவில்லை; இந்த முகம் ஓடுகிறது; நத்தார்ப் பண்டிகை, புதுவருடம், பொங்கல் முடியட்டும், பிறகு பார்ப்போம். சனிக்கிழமை பொங்கலுக்கு முன்னால் வருகிறது என்று நான் சுட்டிக்காட்டினேன். அப்போது பரீனா எழுந்து வந்தாள். அவளுடைய குடும்பம் தொண்ணூறில் யாழ்ப்பாண நகரத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஒன்று. புத்தளத்தில் பிறந்து, பெற்றோரோடு திரும்பி வந்தவள். தாயின் கலியாண அல்பம், பள்ளிக்கூடப் படங்கள் எல்லாம் விட்டுப்போன வீட்டோடு போயின.

"எங்கடை உம்மா இளமையிலை எப்பிடி இருந்தவ எண்டு எனக்குத் தெரியாது, நிஷாந்தன் அண்ணை. படம் மிஞ்சி இருக்கிற ஆக்களிட்டை இருந்து அதை நீங்கள் எடுக்காதேங்கோ."

உண்மை சொன்ன இரண்டு நாள்

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் நான் வழமைபோல வேலைக்குப் போனேன். வழமைபோல ஒவ்வொருவரோடும் பேசினேன். மாலினியைக் கேட்டவர்களுக்கு மட்டும், அப்படி ஒருவர் இல்லை என்றும், படத்தில் இருப்பவர் காலமாகி இரண்டு வருடம் என்றும், இடப்பக்கத்துச் சுருக்க முகமே பின்னால் எடுத்த படம் என்றும் தெளிவாகச் சொன்னேன். பலர் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். ஒருவர் அனுதாபம் தெரிவித்து, எந்தச் சுடலையில் எரித்தார்கள் என்று விசாரித்தார். ஒருவர் தம் தாயாரின் கடைசி நாட்களைப் பற்றி இருபது நிமிடம் என்னோடு கதைத்தார். கிறீம் இருவர் நினைவிலும் இருக்கவில்லை.

ஓம்கள் குறைந்தன. வியாழன் மாலைக்குள் பரீனாவுக்குக் கட்டுவதற்குப் பொதி இல்லாமற்போனது. நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது என்று சொல்ல முடியாது. சுன்னாகத்திலிருந்து ஒரு பெண் நான் சொன்னதைக் கவனமாக, இடைமறிக்காமல் கேட்டுவிட்டுப் பதில் தந்தார்.

"செத்து ரெண்டு வரியமாகியும் முகம் உப்பிடி இருக்கெண்டால், எனக்கு ரெண்டு போத்தல் அனுப்புங்கோ."

இடப்பக்கப் படம்

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நிஷாந்தன் என்னிடம் காரணம் கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை; தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கோப்பாயிலிருந்து இரண்டு பஸ் மாறி, நனைந்த குடையோடு செல்வராணி மேலே வந்தார். அதே நெற்றி, அதே கண்ணோரச் சுருக்கம். விளம்பரத்தின் இடப்பக்கம் வாசலில் நின்று குடையைச் சுருக்கியது. நிஷாந்தன் எழுந்தார். இரவும் பகலும் அந்த முகத்தோடு இருந்தவர்; வாய் தானாகவே, வாங்கோ மாலினியக்கா என்றது.

செல்வராணி ஏசவில்லை. கதிரையைத் திரைக்கு அருகில் இழுத்து, வலப்பக்க முகத்தை நெடுநேரம் பார்த்தார். அந்த இளமைப் படம் வேறொருவரின் கலியாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது என்றார். புஷ்பராணியின் சொந்தத் திருமணம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் நடந்தது. அங்கே படம் எடுக்க எவரும் இருக்கவில்லை. மூலப்படம் மங்கலானது, தோளில் யாரோ ஒருத்தியின் கை. நிஷாந்தன் அந்தக் கையை நீக்கி, கண்ணுக்கு ஒளி கொடுத்து, கன்னத்தைத் துலக்கியிருந்தார். வெளியே மழை கனத்தது. நிஷாந்தன் விளம்பரத்தை நிறுத்தினார். அடுத்து, படத்தையும் அழிப்பதற்குக் கையைக் கொண்டுபோனபோது, செல்வராணி அந்தக் கையின்மேல் தம் கையை வைத்தார்.

"பொறுங்கோ தம்பி. அழிக்க முன்னம் எனக்கு உதிலை ஒண்டு பெரிசாய் அடிச்சுத் தாங்கோ. அவ ஒருநாளும் இப்பிடி வடிவாய்ப் படத்துக்கு நிண்டதில்லை."

மறுநாள் காலை

சனிக்கிழமை காலை நிஷாந்தன் விளம்பரத்தில் முகம் எதுவும் வைக்காமல் ஒரு கற்றாழைச் செடியைப் போட்டார். பரீனா தன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு நகரத்திலுள்ள படப்பிடிப்பு நிலையத்துக்குப் போய், தனியாக இருத்தி ஒரு படம் எடுப்பித்தாள். செல்வராணி அந்த அச்சடித்த முகத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினார். விமான நிலையத்திலிருந்து வந்த புஷ்பராணியின் மகள் பயணப்பையைக்கூட வைக்காமல் அதன்முன் நின்று, அம்மா இப்படியா இருந்தவ என்று கேட்க, "இதைவிட வடிவு" என்று தாம் சொன்னதாக எனக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். அன்றிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை. அந்த அழைப்புக்கு என் சொந்தப் பெயரைச் சொல்லிப் பதில் கொடுத்துவிட்டு, மழை விட்ட முற்றத்தில் சிறிது நேரம் நின்றேன்.

நான் அறிந்தவரையில் அந்த எட்டு மாதத்தில் எங்கள் நிறுவனத்தால் உண்மையாகவே இளமையடைந்தவர் புஷ்பராணி ஒருவர்தான். அவரும் எங்கள் கிறீமை ஒருநாளும் தொட்டதில்லை.