புது விரிப்பு

எழுதுவது என் தொழில் அல்ல. நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் கொச்சியில் மட்டாஞ்சேரியிலும் பள்ளுருத்தியிலும் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். எங்கள் சொந்தத்தில் முதன்முதலில் மாடி வீடு கட்டியவனும் நான்தான். அண்ணனின் வருஷ திதிக்கு வரும் உங்கள் கையில் கொடுக்கும் இந்த மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணியார் சொல்லிவிட்டார்கள். "மறைக்காம எழுதுங்க தம்பி" என்றும் சொன்னார்கள்.

அண்ணன் பிறந்தது செங்கோட்டைக்கு அருகே ஒரு சிற்றூரில். அப்பா தவறியதும் பதினாறு வயதில் கொச்சிக்கு வந்து மிளகும் சுக்கும் அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் மூட்டை தூக்கினார். என் முதல் கடைக்குப் பாத்திரங்களைத் தலையில் சுமந்து வந்தவர் அவர். வேலை முடிந்து வந்து மாவாட்டியவரும் அவரே. இதை நான் வெளியில் அதிகம் சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைநாளில் அடுக்கு சரிந்து சுக்கு மூட்டைகள் அவர் முதுகில் விழுந்தன. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. "இந்த ஆள் எங்க பதிவுலயே இல்லை" என்றார் கிட்டங்கி முதலாளி. இருபது வருஷம் சுமந்தவருக்குக் கிடைத்த பதில் அது. அதன்பின் அண்ணியார் தனியாக அவரைப் புரட்டி, துடைத்து, மலம் எடுத்துவிட்டு, நாலு வீட்டு வேலைக்கும் போனார்கள். அவர்கள் திரும்பும்வரை அண்ணன் ஒரே பக்கமாகக் கிடந்தார். முதுகில் புண் வைத்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஊனமுற்றோருக்கு அரசு பென்ஷன் தருவதாகக் கேள்விப்பட்டோம். பென்ஷன் எதற்கு, பார்த்துக்கொள்ள நானே ஆள் வைக்கிறேன் என்றேன்.

"நீ ஆள் வச்சா, ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவே. சர்க்கார் தர்றதுன்னா எனக்கு உள்ளது. அதுல நான் ஆள் வச்சுக்கிடுதேன்" என்றார் அண்ணன். அவர் சொன்னதில் பொய் இல்லை.

டாக்டர் சர்டிபிகேட்டுக்காக அவரை நாற்காலியில் கட்டி, படகில் ஏற்றி மூன்று தடவை எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் தடவைதான் டாக்டர் இருந்தார்.

வீட்டு விசாரணைக்கு வில்லேஜ் ஆபீசிலிருந்து ஆள் வருவது தெரிந்ததும் நான் முன்னாலேயே போய்ப் புது விரிப்பு விரித்தேன். புண் தெரியாமல் அவருக்குச் சலவைச் சட்டை போட்டேன். என் கடையிலிருந்து சாயாவும் பலகாரமும் வரவழைத்தேன். நம் குடும்பத்தை ஏழை என்று ஒருவர் எழுதிப்போக எனக்கு மனம் வரவில்லை.

"சேட்டனுக்கு இவிடெ கஷ்டப்பாடு ஒண்ணும் இல்லல்லோ?" என்றார் வந்தவர்.

"நான் இருக்கையில என்ன கஷ்டம் சார்? ராஜா மாதிரி வச்சிருக்கேன்" என்றேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

வசதியுள்ள தம்பியின் பராமரிப்பில் இருக்கிறார் என்று சொல்லி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

அப்போதும் என் காசில் ஆள் வைக்க அண்ணன் சம்மதிக்கவில்லை. இரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீசாக அலைந்தேன். அதற்குள் புண் எலும்பைத் தொட்டுவிட்டது. அண்ணியாருக்கும் இடுப்பு பிசகியது. மறுவிசாரணைக்கு வேறொருவர் வந்தார். அன்று நானே அண்ணனின் சட்டையைத் தூக்கிப் புண்ணைக் காட்டினேன். வாசலில் அக்கம்பக்கத்தார் நின்றார்கள்.

"நான் வேற வீட்டுல இருக்கேன் சார். ஞாயித்துக்கிழமை வந்து பேசிட்டுப் போவேன். இவரை ஒரு நாள்கூட நான் தூக்கிப் படுக்க வச்சதில்லை" என்றேன். அவர் அதை அப்படியே எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவர் போனதும் அண்ணன் சொன்னார்: "நீ உன்னைக் குறைச்சுச் சொல்லி இன்னைக்குத்தாம்டே கேக்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

பென்ஷன் வந்தது. பள்ளுருத்தியிலிருந்து ஒரு சேட்டன் தினமும் வந்து அண்ணனைக் குளிப்பாட்டிப் புரட்டிப் படுக்க வைத்தார். ஐந்து மாதம்தான்; அண்ணன் தவறிவிட்டார். இந்தக் கவனிப்பு இரண்டு வருஷம் முன்பே கிடைத்திருந்தால் புண் ஆறியிருக்கும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அதை இதுவரை அண்ணியாரிடம் சொல்லவில்லை. மறைக்காமல் எழுதச் சொன்னதால் இங்கே எழுதிவிட்டேன்.

நாற்காலியைப் படகில் ஏற்றி இறக்கிய கிட்டங்கித் தோழர்களுக்கும், மனு எழுதித் தந்த தட்டச்சுக்காரருக்கும், பள்ளுருத்திச் சேட்டனுக்கும், எல்லாவற்றையும் தாங்கிய அண்ணியாருக்கும் எங்கள் வணக்கம். உங்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒருவர் படுத்திருந்தால், விசாரணைக்கு ஆள் வரும் நாளில் புது விரிப்பு விரிக்காதீர்கள்.