பகீத்தின் சைலன்சர் ஓட்டை

மூடுபனி இறங்கிவிட்டால் பகீத் பாதித் தூக்கத்தில்தான் வண்டி ஓட்டுவான். முன்னால் ஒன்றும் தெரியாது. தெரிந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஓமானின் ஜித்தாத் சமவெளியில் முட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? அவனுடைய பழைய பிக்கப், சைலன்சர் ஓட்டை வழியாகத் தடதடவென்று இருமிக்கொண்டே போகும். அந்த இருமல் கேட்டதும் வெண்மைக்குள்ளிருந்து ஒட்டகங்கள் ஒவ்வொன்றாகக் கழுத்தை நீட்டும். தண்ணீர் வந்துவிட்டது என்று அவற்றுக்குத் தெரியும்.

எண்ணெய் தேடி வந்தவர்களுக்கு இளவயதில் வழி காட்டியவன் பகீத். அவர்கள் போகும்போது விட்டுப்போன வண்டி இது. இதில்தான் துஃபூலைக் கல்யாணம் கட்டிக் கூட்டி வந்தான். மகன் தாஹிர் பிறந்ததும் இதன் பின்தட்டில்தான். அந்த மகன் இப்போது மஸ்கட்டில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, வந்துவிடுங்கள் என்று நச்சரிக்கிறான். கூரைக்குக் கீழே படுத்தால் பகீத்துக்குக் கனவு வராது. கனவில்லாத தூக்கம் எவனுக்கு வேண்டும்?

அப்படிப்பட்டவனுக்கும் வண்டிச் சோதனை என்று ஒன்று வந்து தொலைத்தது. தண்ணீர் பிடிக்கும் கிணறு தார்ச்சாலைக்கு அந்தப் பக்கம். சாலையில் போலீஸ் நிற்கும். வண்டி தேறவில்லையென்றால் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் இல்லை. அதிலும் அவனுடைய செல்லம் சமீஹா நிறைசினையாக இருந்தாள்.

சோதனைக்கூடத்து இளைஞன் ஸ்டியரிங்கைப் பிடித்து ஆட்டினான்.

"ஒரு சாண் ஆடுதே, சாச்சா!"

"ஆடட்டும்னுதான் விட்டிருக்கேன் மவனே. இறுக்கமா இருந்தா மணல்ல சக்கரம் உதறுறப்போ கட்டைவிரலு போயிரும்."

"டயர்ல காத்தைக் காணோமே?"

"மணலுக்காகப் புடுங்கி விட்டது. திரும்ப அடிக்க மறந்துட்டேன்."

"கைப் பிரேக்கு?"

பகீத் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் காட்டினான். இளைஞன் விழுந்து விழுந்து சிரித்தான். "கல்லுக்கும் நம்பர் போட்டுத் தரவா? சரி, எல்லாத்தையும் சரி பண்ணிட்டு வாங்க. முதல்ல அந்தச் சைலன்சர அடைங்க. இந்தச் சத்தத்துக்குக் குழியில கிடக்கிற மய்யத்தே எழுந்து உக்காந்துரும்."

பலூச்சி மெக்கானிக் ஒருவன் எல்லாவற்றையும் சரிசெய்து, ஓட்டைக்கு ஒரு தகரம் வைத்துப் பற்றவைத்தான். வண்டி தேறியது. திரும்பும் வழியில் என்ஜின் பூனை மாதிரி முணுமுணுத்தது. இத்தனை வருடமாகக் கத்திப் பேசிக் களைத்திருந்த துஃபூல் பக்கத்தில் உட்கார்ந்து வழி முழுக்க நிதானமாகப் பேசிக்கொண்டே வந்தாள். எதிலிருந்து இவ்வளவு காலம் தப்பித்திருந்தோம் என்று பகீத்துக்கு அன்றுதான் புரிந்தது.

மறுநாள் காலை பனி மண்ணோடு படிந்து கிடந்தது. தண்ணீர்த் தொட்டியோடு இருவரும் போனார்கள். வழக்கமான இடத்தில் நின்றார்கள். ஒரு கழுத்தும் நீளவில்லை. மெல்ல வட்டமடித்தார்கள். உலகமே கரைந்துபோய் வண்டி மட்டும் மிச்சமிருப்பதுபோல் இருந்தது. ஓரிடத்தில் ஈரமணலில் சமீஹாவின் காலடியைக் கண்டான். தனியாக ஒதுங்கியிருந்தாள். ஈனுவதற்குத்தான். அதற்குச் சற்றுத் தள்ளி ஓநாயின் தடமும் இருந்தது.

"சமீஹா! ஏ சமீஹா!" அவன் குரலைப் பனி பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்டது.

"தாஹிரு வாப்பா, சும்மா தொண்டையக் கிழிச்சுக்காதீங்க," என்றாள் துஃபூல். "உங்க தொண்டைய அவ என்னைக்குக் கேட்டா? வண்டியத்தானே கேட்டா."

பகீத் டயர் கழற்றும் கம்பியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தான். நாலு குத்தில் தகரம் பிய்ந்து விழுந்தது. துஃபூல் என்ஜினை முடுக்கினாள். தடதடவென்று அந்தப் பழைய சத்தம் நாலா பக்கமும் போனது.

காத்திருந்தார்கள். முதலில் கிழட்டு ஒட்டகம் ஒன்று வந்தது. பின்னாலேயே நாலைந்து வந்தன. பகீத் அவற்றின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்துப் பனிக்குள் ஒரு நிழல் அசைந்தது. சமீஹா நின்று நின்று வந்தாள். அவள் கால்களுக்கிடையில், இன்னும் காயாத உடம்போடு, தள்ளாடிக்கொண்டு ஒரு குட்டி.

பகீத் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதான். அழுகிறோமே என்று வெட்கப்படவும் இல்லை.

சத்தத்துக்குக் குட்டி மிரண்டு தாயின் வயிற்றில் முட்டியது. துஃபூல் என்ஜினை அணைக்கச் சாவியைத் தொட்டாள். பகீத் அவள் கையைப் பிடித்தான்.

"அணைக்காத. அது நல்லாக் கேட்டுக்கட்டும்."