வெள்ளிக்கிழமை ஏழு மணிக் குரல்

நம்பலிர்வாவின் முகம் உகாண்டாத் தலைநகர் கம்பாலாவில் யாருக்கும் தெரியாது. குரலைத் தெரியாதவர்கள் இல்லை. மாலை ஏழு மணிச் செய்தியில் படம் ஓடும்போது பின்னாலிருந்து கதை சொல்லும் குரல் அவளுடையது. டாக்ஸி வேனில் ஏறி, முன்னால் நிறுத்தச் சொல்லி ஒரு வார்த்தை பேசினால் போதும், பதினான்கு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருமுறை நடத்துனர், அந்த வாரத்துக் கொலைச் செய்தியை அவள் வாயால் கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தான். அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள். பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்பது வருடமாக அதே வேலை. மூன்று மணிக்கு ஊர்களிலிருந்து படத்துண்டுகள் வந்து சேரும். தயாரிப்பாளர் கியிங்கி அவற்றில் காரமானதைப் பொறுக்கி மூன்றாக வெட்டுவார். வெட்டிய இரண்டு இடங்களிலும் சோப்பு விளம்பரம். அது முடியும்வரை பார்க்கிறவர் எழுந்துபோகாமல் கட்டிப்போடுவது நம்பலிர்வாவின் பொறுப்பு. விளம்பரத்துக்குச் சற்று முன் ஒரு கேள்வியைக் கேட்பாள்; பாதியில் மூச்சை நிறுத்திவிடுவாள். அந்த நிறுத்தத்துக்காகவே சோப்புக் கம்பெனி வெள்ளிக்கிழமைகளை மொத்தமாக எடுத்துக்கொண்டது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, மித்யானா சாலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு துண்டு வந்தது. அங்கே அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள் காய்ச்சலில் இறந்திருந்தன. ஒரு போதகர் கும்பலோடு போய், தனியாக வாழும் ஒருத்தியின் கட்டிலுக்கடியில் கைவிட்டு, மரப்பட்டைத் துணியில் சுற்றிச் சோழி தைத்த சிறு பொட்டலம் ஒன்றை வெளியே இழுத்துப் போட்டார். சூனியம் என்றார். படத்தின் ஓரத்தில் அந்தப் பெண் இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றாள்.

நம்பலிர்வாவுக்கு அது என்னவென்று பார்த்ததுமே தெரிந்தது. இரட்டைப் பிள்ளைகளின் தொப்புள்கொடியை அப்படித்தான் சுற்றி வைப்பார்கள். அவள் தம்பிகள் இரட்டையர்; அவள் பிறந்த வீட்டிலும் ஒன்று உண்டு. கியிங்கியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதா? நானே இரட்டைக்குத் தகப்பன். என் வீட்டு அலமாரியிலயே இருக்கு," என்றார் அவர். "ஆனா, பெத்தவ தன் பிள்ளைங்க கொடியைப் பத்திரமா வச்சிருந்தான்னு சொன்னா, எவன் உக்காந்து சோப்பைப் பாப்பான்? நீ எதையும் சொல்ல வேணாம்மா. சூனியமான்னு கேளு, அவ்வளவுதான். கேட்டா பொய்யாயிடுமா?"

கேள்வி பொய்யாகாது என்று அவள் தன் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து கேட்டாள். பழக்கதோஷம், அந்த நிறுத்தமும் தானாக வந்து விழுந்தது.

திங்கட்கிழமை நிலைய வாசலில் அந்தப் பெண் நின்றாள். இரட்டையைப் பெற்றவளைப் பேர் சொல்லி அழைப்பதில்லை, நாலொங்கோ என்போம். நம்பலிர்வா வணக்கம் சொன்னதும், குரலை அடையாளம் கண்டு, இருபது வயது மூத்த அந்தப் பெண் மரியாதைக்காக மண்ணில் மண்டியிட்டாள். நம்பலிர்வா அவசரமாகக் குனிந்து அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

பொட்டலத்தை வெள்ளி இரவே எரித்துவிட்டார்கள். பிள்ளைகள் இருவரும் பத்து வயதிலேயே ஏரியில் மூழ்கிப் போனவர்கள்; அவர்களில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். சனிக்கிழமைக்குள் ஊரைவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள். டிவியே வந்து இவள் சூனியக்காரி இல்லை என்று சொன்னால் இருக்கலாம் என்றாராம் ஊர்த்தலைவர்.

"கொடியைக் கேக்க வரலை, மகளே. அது போச்சு. என் வீட்டுல நான் இருக்கணும். ஒரு வார்த்தை சொல்லேன்."

நம்பலிர்வா கியிங்கியின் மேசையைவிட்டு நகரவில்லை. அழுதாள், சண்டை போட்டாள். கடைசியில் பத்து நொடி கிடைத்தது, புதன்கிழமை காலை ஐந்தரைக்கு. அந்த நேரத்தில் எவர் வீட்டில் டிவி ஓடும்?

ஆகவே சனிக்கிழமை அவளே புறப்பட்டுப் போனாள். பலாமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. வாயைத் திறந்ததும் ஜனங்கள் முண்டியடித்து நெருங்கினார்கள், பெண்கள் கைதட்டினார்கள், ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கிக் காட்டி அதன் பேரைச் சொல்லச் சொன்னாள். நம்பலிர்வா எல்லாவற்றையும் சொன்னாள். அது இரட்டையர் கொடி, அது எனக்கு முன்பே தெரியும், தெரிந்தே அப்படிக் கேட்டேன் என்றாள்.

"அப்போ வெள்ளிக்கிழமை பொய்யா, இன்னிக்குப் பொய்யா?" என்றார் ஊர்த்தலைவர்.

"வெள்ளிக்கிழமைதான் பொய்."

"கொடின்னு எங்களுக்கும் தோணுச்சு," என்றாள் முன்வரிசைக்காரி. "டிவியே கேக்குதே, அதுக்குள்ள வேற ஏதோ இருக்கும்னு நெனச்சோம். அன்னிக்கு அத்தனை தெளிவா பேசினவ இன்னிக்கு நடுங்குறா, பாருங்க. கிழவி இவளையும் மந்திரத்தால கட்டிப்புட்டா."

அதன்பின் யாரும் எதையும் கேட்கத் தயாராக இல்லை. ஒருவன் கைபேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். நாலொங்கோ உள்ளே போய்ப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில், ஓட்டுபவனுக்குப் பின்னால் நெருக்கி உட்கார்ந்து, பெருஞ்சாலைக்கு வந்தார்கள். கம்பாலாவில் நம்பலிர்வாவின் ஒற்றை அறை இரண்டு பேருக்கானதாயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் கியிங்கி தொலைபேசியில் அழைத்தார். கிராமத்திலிருந்து நல்ல துண்டு வந்திருக்கிறது, டிவிக்காரியையே மயக்கிய சூனியக்காரி என்று. அதற்கு அவளே குரல் கொடுத்தால் நாடே அசையாமல் பார்க்குமாம். நம்பலிர்வா, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். ஒன்பது வருட உத்தியோகம் அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்தது.

ஏழு மணிக்குப் புதுக் குரல் ஒன்று கேள்வி கேட்டது. சரியான இடத்தில் மூச்சை நிறுத்தவும் செய்தது. நம்பலிர்வா எழுந்து அணைக்கப் போனாள்.

"அணைக்காதேம்மா," என்றாள் நாலொங்கோ. "என் வீட்டைக் காட்டுவாங்க."

சோப்பு விளம்பரம் வந்தது. நுரையும் சிரிப்புமாக அது முடியும்வரை அந்தத் தாய் கண்ணெடுக்காமல் காத்திருந்தாள். பிறகு வீடு வந்தது: திறந்த கதவு, முற்றம், பின்னால் வாழைத்தோட்டம். நாலொங்கோ முன்னால் குனிந்தாள்.

"குலை முத்திப்போய் நிக்குது. எவளும் பயத்துல வெட்டலை," என்றாள்.