இறக்கை நுனியில் வடக்கு

என்னுடைய மனுசன் நவரட்ணராஜாவைப் பற்றிக் கண்டியில் யாரைக் கேட்டாலும் "தங்கமான ஆள்" என்பார்கள். தங்கத்தோடு குடும்பம் நடத்தியவள் நான். கேட்பதென்றால் என்னைக் கேளுங்கள்.

கண்டி நகரத்துத் திருகோணமலை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கருவி திருத்தும் கடை வைத்திருந்தார். காற்றழுத்தமானி, தராசு, நில அளவைக்காரரின் திசைகாட்டி, டொக்டர்மார் பிரஷர் பார்க்கிற சாமான் என்று, முள் ஆடுகிற எதுவும் அவரிடம்தான் வரும். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் அந்தக் கடையை எரித்தார்கள். சாம்பலைக் கிளறி ஒரு காற்றழுத்தமானியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது "நல்ல காலநிலை" என்று காட்டிக்கொண்டிருந்தது. "பாத்தீரே பாமா, இன்னும் வேலை செய்யுது" என்று சிரித்தார். அதைப் பிடுங்கி அவர் தலையிலேயே போடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு வீட்டு முன்னறையில் தொழில் தொடங்கினார்.

அவர் பிறந்த இடம் வடக்கில் வல்வெட்டித்துறை, புலித் தலைவரின் ஊர். அடையாள அட்டையில் அப்படித்தான் கிடக்கிறது. யுத்த காலத்தில் அந்த ஒரு சொல் போதும். செக் பொயின்றில் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்குவார்கள், எல்லாரும் திரும்ப ஏறுவார்கள், இவர் மட்டும் அங்கே மரவாங்கில் உட்கார்ந்திருப்பார். ஒருமுறை பொழுதுபட்டு வீடு வந்தவரை "என்ன செய்தவங்கள்?" என்று பதறிப்போய்க் கேட்டேன். "அவங்கட சுவர் மணிக்கூடு நிண்டுபோய்க் கிடந்தது, திருத்திக் குடுத்திட்டு வாறன்" என்றார். சொல்லுங்கள், இந்த மனுசனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. விமானத்துச் சாமான்களும் இடைக்கிடை திருத்த வரும். வாழ்நாளெல்லாம் அவற்றைத் துடைத்துக் கொடுத்தவர், ஒரு விமானத்திலும் ஏறியதில்லை. ஒருதரமாவது ஏற வேண்டும். வாய் திறந்து யாரிடமும் கேட்கத்தான் தெரியாது.

போர்நிறுத்தத்தோடு சமாதான காலம் வந்தது. துவக்குச் சத்தம் ஓய்ந்து, பாதைகள் திறந்து, ஆட்களுக்கு விசித்திரமான ஆசைகள் வரத் தொடங்கின. அக்குறணையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஹபீல் ஹாஜியாருக்கு ஆகாயத்தில் பறக்கும் ஆசை வந்தது. இரண்டு பேர் இருக்கக்கூடிய குட்டி விமானத்தைத் துண்டு துண்டாகப் பெட்டிகளில் வெளிநாட்டிலிருந்து இறக்கி, கொழும்பில் அனுமதியும் எடுத்து, தன் களஞ்சியத்திலேயே துண்டுகளைப் பொருத்திப் பூட்டி முடித்தார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ராஜா அண்ணன், எல்லாம் பூட்டியாச்சி. இந்த இலத்திரனியல் திசைகாட்டி மட்டுந்தான் பாக்கி ஈக்குது. நீங்கதான் வரணும்."

"வாறன் ஹாஜியார்."

"முதல் தடவ பைலட்டும் நானும்தான் போறது. கறுப்புக் கண்ணாடியும் வாங்கிட்டேன்."

இவர் "ஓம், ஓம், நல்லது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் மேலே போவதில் எனக்கும் விருப்பமில்லைத்தான். ஆனாலும் ஒரு பேச்சுக்காவது கேட்டிருக்கலாமே அந்த ஹாஜியார்!

திசைகாட்டியின் உணரி, அதாவது வடக்கை உணரும் துண்டு, ஒரு நெருப்புப் பெட்டியளவு. அதற்கு இரும்பு ஆகாது. இயந்திரமும் ஆகாது, மின்சாரம் ஓடும் கம்பியும் ஆகாது. இரும்புக் கம்பி அடுக்கிய கடையில் வைத்து அதைப் பூட்டினால் எப்படி இருக்கும்? வடக்கைக் கேட்டால் ஹாஜியாரின் கல்லாப் பெட்டியைக் காட்டியது. இவர் அதை எல்லாவற்றுக்கும் தூரமாக இறக்கை நுனிக்குள் கொண்டுபோய், பித்தளைத் திருகாணிகளால் பூட்டினார். விமானத்தை லொறியில் ஏற்றி, வத்தேகமவுக்கு அங்கால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரைமார் குதிரை ஓட்டிய பழைய திடலுக்குக் கொண்டு போனார்கள்.

பறக்கும் நாளன்று நானும் போனேன். கொழும்பிலிருந்து ஓய்வுபெற்ற விமானி ஒருவர் வந்திருந்தார். பறக்குமுன் விமானத்தைத் தரையில் மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். அப்போதுதான் அந்தக் கருவி, விமானத்தில் உள்ள இரும்பைக் கழித்துவிட்டு வடக்கைப் பிடிக்குமாம். சுற்றித் தள்ளுவதற்குக் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளி செல்லப்பாவும் அவருடைய ஆட்களும் வந்தார்கள். எங்கள் மனுசன் ஒவ்வொருவர் கையிலும் காலிலும் இரும்பு தேடினார். மணிக்கூடுகளைக் கழற்ற வைத்தார். தூரத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த என்னுடைய கொண்டை ஊசியையும் விடவில்லை.

செல்லப்பாவின் ஆட்கள் தேர் இழுப்பது போல "அரோகரா" சொல்லிச் சுற்றினார்கள். கருவி ஒருக்கால் வடக்கு என்றது, ஒருக்கால் கிழக்கு என்றது, பிறகு பிழை என்று சிவப்பு விளக்கைப் போட்டது. திரும்பச் சுற்றினார்கள். திரும்பவும் பிழை. ஆட்கள் தேநீர் குடிக்க வந்தால் கருவி நல்ல பிள்ளையாக இருக்கும். அவர்கள் போய் இறக்கையைப் பிடித்தால் பேயாடும். இவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கம்பிகளைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார். ஹாஜியார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, இதெல்லாம் சரிவராது, விமானத்தை விற்றுவிடுகிறேன் என்று முணுமுணுத்தார்.

அவிழ்ந்த தலைமயிரைக் கையால் பிடித்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லப்பா இறக்கை நுனியில் இடுப்பைக் கொடுத்துத் தள்ளினார். அந்த இடுப்பைக் கண்டதும் எனக்கு வந்ததே கோபம்!

"இஞ்சருங்கோ! என்ர கொண்டை ஊசியைப் பிடுங்கினீங்கள். அந்தாளின்ர இடுப்பில செருகிக் கிடக்கிறது என்ன, வாழைப்பழமே?"

எல்லாரும் பார்த்தார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும், முதுகுப் பக்கமாக, முழங்கை நீளத்துக்கு ஒரு கவ்வாத்துக் கத்தி.

"இரும்பு இருக்கான்னு கேட்டாரு, இல்லைன்னேன்," என்றார் செல்லப்பா நியாயமாக. "இது கத்திங்கம்மா. எப்பவும் இருக்கிறதுதானே."

கத்திகளை எல்லாம் உருவித் தூரக் கொண்டுபோய்க் குவித்தார்கள். அடுத்த சுற்றில் பச்சை விளக்கு எரிந்தது. இவர் சின்னப் பிள்ளை போலக் கை தட்டினார்.

அந்த நேரம் பார்த்தா ஆமி ஜீப் வரவேண்டும்! அனுமதி உண்டு என்று முகாமுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கப்டன் இறங்கியதும் கண்டது ஒரு கத்திக் குவியல், சுற்றிவரத் தமிழ் ஆட்கள், நடுவில் விமானம். முகத்தைக் கேட்கவா வேண்டும். ஹாஜியார் கடிதங்களை நீட்டினார். கப்டன் சிங்களத்தில் கேட்டார்.

"இறக்கைக்குள் என்ன?"

"திசைகாட்டி சேர்."

"வைத்தது யார்?"

இவர் முன்னால் போய், கேட்காமலே அடையாள அட்டையைக் கொடுத்தார். பழக்கதோஷம். கப்டன் அதை வாசித்தார். இறக்கையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், திரும்ப இறக்கையைப் பார்த்தார். நான் ஓடிப்போய் இவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"விமானிக்குப் பக்கத்தில் இருக்கப் போவது யார்?"

"நான்தான் சேர்," என்றார் ஹாஜியார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

"நீங்கள் இல்லை. இவர். தான் வைத்த சாமானோடு தானே இருக்கட்டும். வடக்குப் பக்கம் போகக் கூடாது. வளைந்து வந்து இதே இடத்தில் இறங்க வேண்டும். அதுவரை இந்த அம்மா என்னோடு நிற்பார்."

இவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! எங்கள் கலியாணத்தன்று கூட அப்படி ஒரு சிரிப்பில்லை. எந்த ஊர்ப் பெயருக்காகப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்களோ, அதே ஊர்ப் பெயருக்காக விமானத்தில் ஏற்றினார்கள். பிறகுதான் கப்டன் கடைசியாகச் சொன்னது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பைக் காணவில்லை. அதற்குள் கதவைப் பூட்டிவிட்டார்கள்.

விமானம் எழும்பித் தேயிலை மலைக்கு மேலால் போனது. போன கையோடு நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கமிருந்து முகில் இறங்கி முழு மலையையும் மூடியது. விமானத்தின் சத்தமும் கேட்கவில்லை. கப்டன் மணிக்கூட்டைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் துவக்கோடு இருவர். ஹாஜியார் ஓதத் தொடங்கினார். நான் நல்லூரானைக் கும்பிட்டேன், இடையிடையே அவனையே திட்டினேன். இந்த மனுசனுக்குக் கண்டறியாத ஆசையை ஏன் கொடுத்தாய் என்று.

கடைசியில் முகிலைக் கிழித்துக்கொண்டு விமானம் நேராகத் திடலுக்கே வந்து இறங்கியது. கப்டன் இவருக்குக் கை கொடுத்தார்.

திரும்பும்போது வாகனத்தில் வைத்துக் கேட்டேன். "சரி, ஆசை தீந்துதே? மேலயிருந்து என்னத்தைப் பாத்தனீங்கள்? மகாவலி தெரிஞ்சுதோ? எங்கட வீடு?"

"ஒண்டும் பாக்கேல்லை."

"ஏன், பயத்தில கண்ணை மூடினீங்களோ?"

"இல்லையப்பா. போய் வருமட்டும் திசைகாட்டியைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். வடக்கால கொஞ்சமும் போகக் கூடாதெண்டு பைலட்டுக்குச் சொல்லிச் சொல்லி என்ர தொண்டை அடைச்சுப் போச்சு. நீர் கீழ அவங்களோட நிண்டனீர் எல்லே."

"விசர் மனுசன்" என்றேன். மிச்சமிருந்த தேநீரை ஊற்றி அவர் கையில் கொடுத்தேன்.