பெட்டி மூடிகளில் போன சொற்கள்

என் கணவர் யாரையும் வாய்விட்டுப் புகழமாட்டார். கலியாணமான புதிதில் நான் ஆக்கிய முதல் புரியாணியைச் சாப்பிட்டுவிட்டு "மோசமில்ல" என்றார். அன்று குசினியில் சட்டி பானைகளை ஊருக்கே கேட்கும்படி கழுவினேன். மூத்த மகள் பிறந்தபோது கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். அதற்கும் "மோசமில்ல". வலை நிறைய அறுக்குளா மீன் பட்ட நாளிலும் கரையில் நின்று அதே சொல்தான். பதினாறு வருடமாக அந்த ஒற்றைச் சொல்லோடு குடும்பம் நடத்தினேன். நானோ அதற்கு நேர்மாறு. கற்பிட்டியில் என்னை வாய்க்காரி என்று சொல்லாதவர்கள், என்னைத் தெரியாதவர்கள்.

இந்த வாய்க்காரிக்கு ஓர் ஆங்கிலப் பட்டம் தேவைப்பட்டது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடமாக நான் தொண்டர் ஆசிரியை. பிள்ளைகள் "டீச்சர்" என்று கூப்பிடுவார்கள். ஆசிரியர் இடாப்பில் என் பெயர் இருக்காது. நிரந்தர நியமனம் வேண்டுமென்றால் பட்டம் வேண்டும். வெளிவாரியாகப் பதிந்து, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, ஒரு பாடம் தவிர எல்லாவற்றையும் தேறிவிட்டேன். அந்த ஒன்றில் இரண்டு முறை விழுந்தேன். மூன்றாவது முறைதான் கடைசி. அதிலும் விழுந்தால் பதிவே ரத்தாகிவிடும். சாகும்வரைக்கும் வெண்கட்டி பிடித்த விருந்தாளிதான்.

அந்தப் பாடம் ஆங்கிலத்தின் பேச்சணிகளும் கடினமான சொற்களும். ஹைபர்போலி, ஒக்சிமோரன், அனஃபரா, லைட்டோடீஸ் என்று பார்மசி அலுமாரியில் இருக்கிற மருந்துப் பெயர்கள் மாதிரி வரிசையாக இருக்கும். நான் அவற்றைக் கொப்பியில் எழுதி, கண்ணை மூடிக்கொண்டு பாடமாக்கினேன். பரீட்சை மண்டபத்துக் கதிரையில் உட்கார்ந்ததும் எல்லாம் பறந்துவிடும்.

இரண்டாம் முறை விழுந்து நான் சோறு தண்ணீர் இல்லாமல் படுத்திருந்தபோது, எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போன என் கணவர்தான் வழி சொன்னார்.

"கொப்பியில எழுதினா மடிச்சு வெச்சிருவீங்க புள்ள. கண்ணுக்கு முன்னுக்கு நிக்கோணும்."

மறுநாள் ஒரு கட்டு ரெஜிபோம் மூடிகளைக் கொண்டுவந்தார். ஐஸ் போட்டு மீன் அடுக்கிக் கொழும்புக்கு அனுப்பும் வெள்ளைப் பெட்டிகளின் மூடிகள். தேசிக்காய் போட்டுத் தேய்த்தும் மீன் வாடை போகவில்லை. ஒரு பக்கம் தடித்த மார்க்கரால் சொல்லை எழுதினேன், மறுபக்கம் கருத்து. நாற்பது மூடிகள். குசினிச் சுவர், தண்ணீர்ப் பானைக்குப் பின்னால், குளியலறைக் கதவு என்று எங்கே திரும்பினாலும் ஆங்கிலம்.

பின்னேரங்களில் அவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேள்வி கேட்பார். சொல்லை உச்சரிக்க வராது. எழுத்து எழுத்தாக வாசிப்பார். "எல், ஓ, கியூ, யூ..." அவர் முடிப்பதற்குள் நான் சொல்லவேண்டும். லொக்குவேஷியஸ், வாயாடி.

"இதுக்கு மூடி வேணாம். ஆளே வீட்டுல இருக்கு," என்றார்.

ஒருநாள் லைட்டோடீஸுக்கு மூடி எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்றைப் பெரிதாகச் சொல்ல விரும்பி, அதன் எதிர்ச்சொல்லை மறுத்து, சிறிதாகச் சொல்வது. உதாரணம் ஒன்று எழுதவேண்டும். யோசித்தேன். மார்க்கர் கையிலேயே நின்றுவிட்டது.

மோசமில்ல.

அந்தப் புரியாணியை அவர் மூன்று கோப்பை சாப்பிட்டார். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பதினாறு வருடமாக நான் அந்தச் சொல்லைத்தான் நெஞ்சில் வைத்துக் கறுவினேனே தவிர, மூன்று கோப்பையை மறந்துபோனேன். மகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்ததையும் மறந்துபோனேன். எனக்கு வெட்கமாக இருந்தது. முற்றத்துக்குப் போய் அவரிடம் விளங்கப்படுத்தினேன்.

"நான் சொல்றதுக்குக் கிரேக்கத்துல பேர் வெச்சிருக்காங்களா?"

"ஓம்."

"அப்ப நானும் படிச்சவன்தானே," என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார்.

அன்றிலிருந்து பெயர்கள் ஒட்டத் தொடங்கின. கரையில் நின்று, கைதவறிப்போன பாரை மீனுக்குத் தோணி நீளம் சொல்கிறவர்கள் எல்லோரும் எனக்கு ஹைபர்போலி ஆனார்கள். விடை தேவையில்லாத கேள்விக்கு நான் எங்கேயும் போய்த் தேடவேண்டியிருக்கவில்லை. என் வாயில் வருவதில் பாதி அதுதான்.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது, அல்லாஹ் அள்ளிக் கொடுத்ததுபோல் கடலில் சூரை மீன் பட்டது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் குசினிச் சுவர் வெறுமையாக இருந்தது. பானைக்குப் பின்னாலும் ஒன்றுமில்லை. பெட்டிகளுக்கு மூடி போதவில்லையாம். லொறிக்காரர் ஹோர்ன் அடித்து அவசரப்படுத்தினாராம். இவர் ஓடிவந்து வீட்டிலிருந்த மூடிகளை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார், நாற்பதையும்.

"உங்களுக்குக் கண் முகத்துல இருக்கா, முதுகுல இருக்கா?" என்று கத்தினேன். "எட்டு வருஷமா நான் படுற பாடு உங்களுக்குத் தெரியாதா? நான் என்ன உங்கட சூரை மீனா, ஐஸ் போட்டு அனுப்புறதுக்கு?"

அவர் வாசலில் நின்றபடியே, "மீன் பழுதாகிரும்னு நெனச்சன் புள்ள," என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் கத்தல் அழுகையாகிவிட்டது. கொப்பியைப் புரட்டினால் பழையபடி மருந்துப் பெயர்கள்தான் தெரிந்தன. மூன்றாம் முறையும் போய்விட்டது என்று உண்மையாகவே பயந்தேன்.

மறுநாள் காலை சுபஹ் தொழுது முடிந்த கையோடு என் ஃபோன் அடித்தது. எங்கள் மீனை வாங்கும் கொழும்புச் சந்தை முதலாளி. அவர் சிலாபத்துச் சிங்களவர், தமிழும் கதைப்பார். என்னை நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பெட்டி மூடிகளில் வழக்கமாகப் படகுச் சொந்தக்காரரின் பெயரிலிருந்து இரண்டு எழுத்துத்தான் இருக்கும்.

"நங்கி, இது என்ன? புது முதலாளிமாரா? யூ, பீ, ஐ, கியூ, யூ..."

யுபிக்குவிட்டஸ், எங்கும் நிறைந்தது. என்னை அறியாமலே சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் மூடியைத் திருப்பும் சத்தம் கேட்டது. "ஹரி, பின்னால அப்பிடித்தான் எழுதியிருக்கு," என்றார்.

என் கணவர் ஃபோனை வாங்கி, நடந்ததைச் சொன்னார். மூடிகளைத் திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டார். லொறி எங்கள் பக்கம் திரும்பி வர ஒரு கிழமையாகுமாம். "அப்ப நீங்களே வாசிங்களேன் முதலாளி," என்றார் என் கணவர்.

அந்த மனிதர் வாசித்தார். மூன்று நாளும், பத்து மணியளவில் சந்தை ஓய்ந்தபின், ஒவ்வொரு மூடியாக எடுத்து எழுத்துக் கூட்டினார். பள்ளிக்கூட இடைவேளையில் மாமரத்தடியில் நின்று நான் கருத்துச் சொன்னேன். சரியென்றால் "ஹரி". பிழையென்றால் "நெஹெ நங்கி", பிறகு மறுபக்கத்தை வாசிப்பார். பக்கத்தில் மீன் வெட்டுகிறவர்களும் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். மூன்றாம் நாள் நாற்பதுக்கும் நாற்பது ஹரி. அவருக்குப் பின்னால் யாரோ விசிலடித்தார்கள்.

புத்தளம் டவுனில் பரீட்சை. உன் தாய்மொழியிலிருந்து உதாரணம் காட்டி ஓர் அணியை விளக்கு என்று ஒரு கேள்வி வந்தது. மூன்று கோப்பை புரியாணியை எழுதினேன். என் பேனை ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

பெறுபேறு வந்த அன்று நான் தேறியிருந்தேன். அதுவும் நல்ல தரத்தில், அல்ஹம்துலில்லாஹ். தலையை நிமிர்த்திக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். பெருமை என்றால் பெருமைதான். அதை மறைக்கத் தெரிந்திருந்தால் எனக்கு ஏன் இந்தப் பெயர்? அவர் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தார். சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு ஃபோனை வாங்கினார். மகள் பிறந்த அன்று பார்த்ததுபோல் வெகுநேரம் பார்த்தார்.

"மோசமில்ல," என்றார்.

கரையில் அத்தனை பேருக்கும் நடுவில் நான் சிரித்தேன், அழுதேன். அந்தச் சொல்லின் மறுபக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே.

அடுத்த நாள் காலை முதலாளி ஃபோன் எடுத்தார்.

"நங்கி, இண்டைக்கு வந்த எல்லா மூடியிலயும் ஒரே எழுத்து. உங்கட மாத்தயா, அதான் புருஷன், அவர்ட கையெழுத்து மாதிரி இருக்கு. எம், வை. டபிள்யூ, ஐ, எஃப், ஈ. பீ, ஏ, எஸ், எஸ்."

கூட்டி வாசித்தேன். மை வைஃப் பாஸ்.

"எத்தின மூடியில?"

"இருவத்தி மூணு பெட்டி. எல்லாத்திலயும்."

என் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படி எழுதியிருந்தால் சிவப்புப் பேனையை எடுத்திருப்பேன். முற்றத்தைப் பார்த்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றும் அறியாதவர்போல் வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"ஹரியா நங்கி?" என்று கேட்டார் முதலாளி.

"ஹரி," என்றேன்.