சினைமாடு தின்ற பப்பாளி

பப்பாளி கண்ணுக்கு நல்லது, மலச்சிக்கலுக்கு நல்லது, தினம் நாலு துண்டு சாப்பிடுங்கள் என்று டாக்டர் எனக்குச் சொல்கிறார். எனக்குத் தெரியாதா? என் கொல்லையிலேயே மரம் நின்றது. இன்றைக்கும் அந்தி சாய்ந்தால் சுவரில் ஒரு கை உரசிக்கொண்டு வரும் சத்தம் கேட்கிறது. வெளியே சொன்னால் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள்.

நாடு விடுதலையாகிப் பத்து வருஷம் இருக்கும். நார்த்தாமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மழை பொய்த்த வருஷம். என் மனைவிக்கு ஏழு மாதம். விளக்கு வைக்கிற நேரமானால் அவளுக்குக் கண் தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டே நடப்பாள். ஒருநாள் சோற்றுப்பானையை இடறினாள்.

"கண்ணைப் பொடனியில வச்சிருக்கியாடி?" என்றேன்.

"ஒங்க மொகம் தெரியாம இருக்கதும் நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாள்.

ஊருக்கு வந்த நர்சம்மா பார்த்துவிட்டு மாலைக்கண் என்றார். கீரையும் பப்பாளிப் பழமும் கொடுக்கச் சொன்னார். முருங்கைக்கீரை அவளுக்குக் குமட்டியது.

"புள்ளத்தாச்சிக்குப் பப்பாளியா? நல்லாச் சொன்னீங்க தாயி! கலைஞ்சு போகாது?" என்றாள் என் ஆத்தா.

"காயில உள்ள பாலுதான் ஆகாது. நல்லாப் பழுத்ததைக் குடுங்க."

"புள்ளை பெறக்கட்டும், காயைக் கூட்டு வச்சுப் போடுறேன், பால் ஊறும். இப்ப வேணாம்."

நர்சம்மா போனதும் பழுத்ததையெல்லாம் பறித்து மாட்டுத் தொட்டியில் போட்டாள் ஆத்தா. மாடும் சினை. அது யாருக்கும் உறைக்கவில்லை.

"ஒரு துண்டு தாங்களேன். அத்தைக்குத் தெரிய வேணாம்" என்று என் மனைவி கேட்டாள்.

"வயித்துல உள்ளதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஊரு என்னையத்தான் காறித் துப்பும். போடி."

ஆத்தா மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க மாட்டேன். தராதவன் நான்.

பத்து நாளில் மாடு நல்லபடியாகக் கன்று போட்டது. அந்தி நேரம். நானும் ஆத்தாவும் கன்றைத் துடைத்துக்கொண்டிருந்தோம். மாட்டுக்கு வெந்நீர் போட வேண்டும் என்று என் மனைவி அவளாகவே குடத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கொல்லைக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. தொம்மென்று சத்தம்தான் கேட்டது.

கயிறு கட்டி இறங்கி நான்தான் தூக்கினேன். இரண்டு உயிரும் போயிருந்தது. பிள்ளைக்கு ஆகாது என்றுதானே தடுத்தேன்?

வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நட வேண்டும் என்பது ஊர் வழக்கம். ரோட்டோரம் நட்டேன். சந்தைக்குப் போகிறவர்கள் அதில் கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.