கேட்க மறந்த ஐந்து கேள்விகள்

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களை மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் போனில் கூப்பிட்டு விசாரிக்கும் ஏற்பாட்டை எங்கள் கல்கத்தா மருத்துவமனையில் தொடங்கியதே நான்தான். ஐந்து கேள்விகள்: காய்ச்சல் உண்டா, தையலில் சீழ் உண்டா, வீக்கம் உண்டா, சாப்பாடு இறங்குகிறதா, மாத்திரை தவறாமல் போகிறதா. ஒன்றை விட்டாலும் என்கூட வேலை பார்க்கும் பெண்களைச் சும்மா விடமாட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நகரின் டாக்குரியா பகுதியில் தனியாக இருந்த ஒருவருக்குக் குடலிறக்க அறுவை நடந்தது. வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற தமிழர். மனைவி இல்லை, மகள் வெளிநாட்டில். இவரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவருடைய கேள்வித் தாளை எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த வாரம் முழுக்க நான் யாரிடமும் தமிழில் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. என் வாடகை அறையில் பேசுவதற்கு யார் இருக்கிறார்கள்?

மூன்றாம் நாள், "எப்படி இருக்கீங்க சார்?" என்றேன்.

"இருக்கேம்மா. நீ எந்த ஊரு?"

அவ்வளவுதான். அவருக்கும் திருநெல்வேலி. பேச்சு ஊர்த் தேங்காய்ப்பால் சொதிக்குப் போய், கல்கத்தாவில் நல்ல தேங்காய் கிடைக்காத கதைக்குப் போய், அரை மணி நேரம் ஓடிவிட்டது. ஏழாம் நாளும் அதே கூத்து. தாளில் ஐந்து கட்டத்திலும் "சரி" என்று எழுதினேன். இவ்வளவு கலகலப்பாகப் பேசுகிறவருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு.

ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் அவரை டாக்சியில் போட்டுக் கொண்டுவந்தார். தையல் பிரிந்து சீழ் கட்டியிருந்தது, உடம்பு கொதித்தது. மறுபடி திறந்து சுத்தம் செய்தார்கள். இரண்டு நாள் அவர் பிழைப்பாரா என்றே தெரியவில்லை.

அவர் கண் விழித்ததும் எனக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. "ஏழாம் நாள் நான் பேசுறப்பவே காய்ச்சல் இருந்திருக்கு. ஏன் சார் சொல்லலை?"

"நீ கேக்கலையேம்மா." பிறகு அவரே, "சொல்லியிருந்தா உடனே போனை டாக்டர்ட்ட குடுத்திருப்ப. பேச்சு அதோட முடிஞ்சிருக்கும்," என்றார்.

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நானும் அந்தப் பேச்சுக்காகத்தானே கூப்பிட்டேன்.

இரண்டாம் தடவை அவர் வீடு திரும்பியபோது தாளை என்கூட வேலை பார்க்கும் ஒரு வங்காளிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். நான் கூப்பிட்டால் அவர் மறைப்பார், நான் மறப்பேன். அவள் ஐந்து கேள்வியும் கேட்பாள், போனை வைப்பாள். காயம் ஆறத் தொடங்கியது.

ஏழாம் நாள் பேசிவிட்டு அவள் என் மேஜைக்கு வந்தாள். "காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை தீதி," என்று வங்காளத்தில் சொன்னாள். "நீங்க வேலையை விட்டுப் போயிட்டீங்களான்னு கேட்டார். அடுத்த தடவை கேட்டா என்ன சொல்லட்டும்?"

"ஆமான்னு சொல்லிடு," என்றேன்.